மாடல் வராத நாள்

"அப்போ நானே உட்காந்துடறேன்" என்று சொல்லி, கைப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கிருபாராணி அந்த உயரமான மர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

சூளகிரி வளாகத்தின் ஓவிய வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது.

வகுப்பாசிரியை வின்சிக்குப் பதற்றம். மாடலாக உட்கார வழக்கமாக வரும் சரசம்மா இன்று வரவில்லை. அதற்காக மூன்று வளாகங்களுக்கும் துறைத் தலைவராக இருப்பவர் ஸ்டூலில் ஏறுவதா? வேண்டாம் மேடம், பாட்டிலையும் பழத்தையும் வைத்து வரையச் சொல்கிறேன் என்றாள்.

பாட்டில் வரைந்து வரைந்து பிள்ளைகளுக்கு அலுத்திருக்கும், பாடம் முகம்தானே, முகமே வரையட்டும் என்றாள் கிருபாராணி.

பின்வரிசை மாணவி ஒருத்தி கரித்துண்டை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மேடம், மோவாயக் கொஞ்சம் தூக்குங்க. அப்புறம் அசையாதீங்க."

எப்போது வருகிறீர்கள், என்ன முடிவு செய்தீர்கள் என்றுதான் எல்லாரும் அவளிடம் கேட்பார்கள். அசையாதே என்று யாரும் சொன்னதில்லை.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று மூன்று இடத்து ஓவியத்துறைகளையும் பல்கலைக்கழகம் ஒன்றாக்கி அவள் தலையில் வைத்த நாளிலிருந்து, அவள் நெடுஞ்சாலையில்தான் குடியிருந்தாள். ஓசூரில் இருந்தால் கிருஷ்ணகிரியில் தேடுவார்கள். கிருஷ்ணகிரியில் போய் இறங்கினால் ஓசூரில் ஒன்று முளைக்கும். செவ்வாய்க்கிழமை சூளகிரி முறை. அன்றைக்கு இரண்டு ஊரும் சேர்ந்து தேடும். ஞாயிறு ஆராதனையில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் மடியில் போன் அதிரும்.

இன்றைய தலைவலி ஆண்டுக் கண்காட்சி.

ஓசூர்ப் பொறுப்பாளர் மேக்ஸ்வெல் கண்காட்சி ஓசூரில்தான் என்றார். பெங்களூரிலிருந்தும் கம்பெனிகளிலிருந்தும் படம் வாங்க ஆள் வருவது அங்கேதான். கிருஷ்ணகிரிப் பொறுப்பாளர் அசோக்குமார், இந்த வருடமாவது எங்கள் ஊரில் என்றார். வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தாய் தகப்பன் ஒருவர்கூட இதுவரை தம் பிள்ளையின் படத்தைச் சுவரில் பார்த்ததில்லை.

இரண்டுமே நியாயம். அதுதான் சிக்கல்.

போன கூட்டத்தில் வார்த்தை தடித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் அவள் வழியாகத்தான். மற்றவர் ஊருக்கு முடிவானால் வேலையை விட்டுவிடுவதாக இருவரும் தனித்தனியாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். சும்மா மிரட்டுகிற ஆட்கள் இல்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். மதியத்துக்குள் அவள் ஒரு ஊரின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

அதாவது, ஒரு நல்ல ஆசிரியரை இழந்தாக வேண்டும்.

பையில் போன் அதிர்ந்தது.

அவள் கை தானாக எழுந்தது.

"மேடம்..." என்றது பின்வரிசை. கை மடிக்கே திரும்பியது.

போன் அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. வின்சி பையைப் பார்த்தாள், பிறகு கிருபாராணியைப் பார்த்தாள். கிருபாராணி மோவாயை இறக்கவில்லை.

முதலில் முதுகு வலித்தது. அப்புறம் மூக்கு நுனி அரித்தது. அதுவும் போனபின் காகிதத்தில் கரி உரசுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. எங்கோ தூரத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

வகுப்பின் கண்கள் எல்லாம் அவள்மேல்தான். காது மடலைப் பார்த்தன, கழுத்துச் சுருக்கத்தைப் பார்த்தன, காகிதத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தன. அந்தக் கண்களில் ஒன்றுக்குக்கூட அவளிடமிருந்து பதில் வேண்டியிருக்கவில்லை.

வகுப்பு முடிந்து இறங்கியபோது கால் மரத்துப்போயிருந்தது. வின்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். ஒன்றில் மூக்கு பெரிது. ஒன்றில் யாரோ ஒரு கோபக்காரி. பின்வரிசை மாணவியின் படத்தில் கண்கள் மூடியிருந்தன.

"கொஞ்ச நேரம் தூங்கிட்டீங்க மேடம். எழுப்ப மனசு வரல."

அதன் பிறகுதான் போனை எடுத்தாள். திரை நிறையத் தவறிய அழைப்புகள். கடைசியில் அசோக்குமாரின் செய்தி. மேடம் கிடைக்கவில்லை, அச்சகத்துக்காரர் அவசரப்படுத்தினார், வேறு வழியில்லாமல் மேக்ஸ்வெல்லிடமே பேசிவிட்டேன் என்று எழுதியிருந்தார். திறப்பு விழா கிருஷ்ணகிரியில், அடுத்த வாரம் அதே படங்கள் ஓசூரில். மேடத்துக்குச் சம்மதம்தானே?

மேக்ஸ்வெல்லும் அதையே எழுதியிருந்தார். படங்களை ஏற்றிவர வண்டிக்குத் தானே ஏற்பாடு செய்வதாகக் கூடுதலாக ஒரு வரி. அசோக் பாவம், அங்கே ஆள் குறைவு என்று இன்னொரு வரி.

அவள் இரண்டையும் மறுபடி படித்தாள். சட்டென்று பசித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வின்சியின் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

வின்சி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கார் வரை வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட சரசம்மாவை நாளைக்குப் பிடிபிடியென்று பிடிக்கப்போவதாகச் சொன்னாள். ஒன்றும் கேட்க வேண்டாம், விட்டுவிடு என்று கிருபாராணி அவசரமாகத் தடுத்தாள். வேறு மாடல் பார்க்கட்டுமா என்றதற்கு, அதெல்லாம் கூடவே கூடாது என்றாள்.

வின்சி திரும்பிப் போனதும் போன் அடித்தது. பேசியது சரசம்மா.

"இன்னைக்கி வர வேணாம்னு காலையில நீங்க போன் பண்ணீங்கல்ல மேடம், நான் கொத்தமல்லி புடுங்கப் போய்ட்டேன். நாளைக்கி வரட்டுமா?"

கிருபாராணி கார் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வாங்க சரசம்மா. அடுத்த செவ்வாக்கெழம மட்டும் வேணாம்."