மறுபக்கம் சேரும்வரை

அந்தச் சிக்னலை வடிவமைத்தவன் நான்தான். யாராவது சாலையைக் கடந்துகொண்டிருந்தால், கம்பத்திலுள்ள சென்சார் அதை உணர்ந்து, அவர் மறுபக்கம் சேரும்வரை வண்டிகளைச் சிவப்பிலேயே நிறுத்தி வைக்கும். அன்று காலையிலிருந்து சிவப்பு மாறவேயில்லை. கடக்கும் இடத்திலோ ஈ காக்கை இல்லை.

சென்சாரை இரண்டு முறை மாற்றியாயிற்று. ஆள் இருப்பதைக் காட்டும் விளக்கு, ஓரத்துப் பெட்டிக்குள் அணையாமல் எரிந்தது. எலெக்ட்ரீஷியன் சாலை நடுவே போய் நின்று கையை விரித்தார்.

"யாருமே இல்ல சார். கால் வலியோ என்னவோ, மெதுவாப் போறாங்க போல."

சிரிக்க எனக்குத் தெம்பில்லை. நெரிசலுக்குள் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டிருந்தது. மேலதிகாரி போனில் கத்தினார். "உன் சென்சாரைத் தூக்கிக் குப்பையில போடு! முதல்ல அதோட வயரைப் பிடுங்குய்யா!"

பிடுங்கச் சொன்னேன். பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. ஆனால் சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டிகள் பாய்ந்தன.

"அப்பாடா," என்றார் எலெக்ட்ரீஷியன்.

போன மாதம் போட்ட சாலை. மேடு பள்ளம் கிடையாது. ஆனாலும் நடுக்கோட்டருகே, ஒரே இடத்தில், ஒவ்வொரு வண்டியும் லேசாக ஏறி இறங்கியது. பஸ், லாரி, கடைசியில் அந்த ஆம்புலன்ஸும்.

"மாட்டுங்க! வயரைத் திரும்ப மாட்டுங்கய்யா!" என்று கத்தினேன்.

எலெக்ட்ரீஷியன் அவசரமாக மாட்டினார்.

சிவப்பு வரவில்லை. பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது.