முனை மழுங்கிய கத்தி

ஐந்தாவது சாம்பிளும் திரும்பி வந்துவிட்டது.

'முனை குத்துகிறது. தோல் கிழிகிறது' என்று வெளிநாட்டுக் கம்பெனி எழுதியிருந்தது. ரெக்சன் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். இரண்டு மாதமாக இதே பிழைப்பு. கண்ணை மூடினாலும் கத்திதான் தெரிந்தது.

அவன் வேலை பார்த்தது கங்கைகொண்டானில் காய்கறிக் கத்தி செய்துகொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியில். முதல் முறையாக, வேட்டையாடிய மானின் தோலை உரிக்கும் சின்னக் கத்திக்கு ஆர்டர் பிடித்திருந்தார்கள். வரைய வேண்டியவன் ரெக்சன்.

அவன் கடற்கரைப் பிள்ளை. பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் மீன் வயிற்றைக் கீறும் கத்தி. எத்தனை தடவை வரைந்தாலும் ஒல்லியாக, கூர்முனையோடு அதுவேதான் வந்து நின்றது. மான் எங்கே, சாளை மீன் எங்கே!

"என்ன சார், மூஞ்சி வாடிக் கெடக்கு?"

பாலீஷ் பிரிவு முத்துராணி. மாஞ்சோலை மலையில் முப்பது வருஷம் தேயிலை பறித்தவள். எஸ்டேட்டை விட்டுக் கீழே இறங்கிய பிறகு கிடைத்த வேலை இது. படுத்த படுக்கையாகிவிட்ட கணவன் பிச்சைக்கண்ணுவுக்கு மருந்தும், இரண்டு பேருக்குச் சோறும் இதில்தான்.

ரெக்சன் கத்தியைக் காட்டினான். 'உரிக்க' என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. அம்மா இஞ்ஞாசியம்மாளிடமே பழம் நறுக்கும் கத்தி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறான்.

"மானுக்குன்னு கேக்காவ அக்கா. தோலை ஒட்டியே போவணும், சதையில குத்திரக் கூடாது. ஒண்ணும் சரியா வர மாட்டேங்கு."

அவள் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முனை எதுக்கு சார்? மழுக்கிருங்க. அடிப்பக்கம் நகம் மாதிரி வளைச்சு விடுங்க. மேல ஆள்காட்டி விரல் வைக்க ஒரு பள்ளம். விரலு முன்னால போவணும், கத்தி பின்னாலயே பைய வரணும்."

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"மலையில இருந்தோம்லா."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிட்டாள். இவள் மலையில் வேட்டையாடியவள்தான் என்று அந்த மௌனத்திலேயே ரெக்சன் முடிவு கட்டிவிட்டான்.

ஆறாவது சாம்பிள் அவள் சொன்னபடியே போனது. பத்தே நாளில் பதில் வந்தது. பிரமாதம், மூவாயிரம் கத்தி அனுப்புங்கள்.

மேனேஜர் வேதநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "யாருவே சொல்லித் தந்தா? இது ஒம்ம மூளை இல்லையே!" என்றார்.

ரெக்சனுக்குச் சுருக்கென்றது. படித்தவன் தோற்றுப் பாலீஷ்காரி ஜெயித்த எரிச்சல். இரண்டு மாத அலுப்பும் சேர்ந்துகொள்ள, மனசில் கிடந்தது வெளியே வந்து விழுந்தது.

"முத்துராணி அக்காதான். மலையில மான் வேட்டையாடியிருப்பாவ போல. இல்லாட்டி இம்புட்டுத் துல்லியமா தெரியாது சார்."

வேதநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னவே சொல்லுதீரு? ஃபாரஸ்ட்காரன் மோப்பம் புடிச்சு வந்தா கம்பெனி பேரு என்னத்துக்கு ஆவும்? வேட்டையாடுத ஆளுக்கு இங்கன வேலை கிடையாது. கூப்பிடும் அவளை."

மான் தோல் உரிக்கக் கத்தி செய்கிற கம்பெனிக்கு வந்த யோக்கியதையைப் பாருங்கள்! ரெக்சனே போய் அவளைக் கூட்டி வந்தான்.

"உண்மையைச் சொல்லிரும்மா. மலையில எத்தனை மானை உரிச்சிருக்கே?"

"உரிக்கவா?" முத்துராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சார், யாரு சொன்னது?"

ரெக்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பொறவு கத்தியோட வளைவு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது? மறைச்சா இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவேன்."

"வேலையை மட்டும் எடுத்துராதீங்க சார். சொல்லிருதேன். எஸ்டேட் ஓரத்துல நைலான் கயித்துல கண்ணி வைப்பாவ. வச்சவன் எங்க லைன்ல பக்கத்து வீட்டுக்காரன், அதான் யாருட்டயும் வாயைத் தொறக்கல. காலையில கொழுந்து பறிக்கப் போவும்போது பாத்தா, மான்குட்டி கழுத்து இறுகிக் கெடந்து முழிக்கும். கயிறு தோல்ல பதிஞ்சிருக்கும். கயித்தை அறுக்க முனை உள்ள கத்தியைக் குடுத்தா, அது துள்ளுத துள்ளல்ல கழுத்துல ஏறிரும். ஒரு தடவை ஏறிட்டு சார். என் மடியிலயே செத்துச்சு."

முத்துராணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம்தான் தேயிலைச் செடி வெட்டுத கத்தியைப் பாறையில தேச்சு, முனையை மழுக்கி வச்சுக்கிட்டேன். அதுல பொழைச்சு ஓடுனது எத்தனையோ."

ரெக்சனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வேதநாயகம் மேஜை மேலிருந்த ஆர்டர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி சரி, போயி வேலையைப் பாரும்மா. மூவாயிரம் கத்தி பாலீஷ் போடணும்" என்றார்.

கதவு வரை போனவள் நின்று திரும்பினாள். அலுத்துப்போன அந்த முகத்தில் சிரிப்பை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நான் ஒருத்திதான் கிறுக்கி மாதிரி மலையெல்லாம் அலைஞ்சேன்னு நெனச்சிருந்தேன் சார். மூவாயிரம் கத்தி கேக்காவன்னா, அந்த ஊர்ல கண்ணியை அறுத்து மானைக் காப்பாத்துதவுக எம்புட்டுப் பேரு இருக்காவ! அவுக புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கட்டும்."