மூன்றாவது ஹீட்

"இந்த லிஸ்ட்ட வேணும்னே இப்படிப் போட்டீங்களா சார், இல்ல தெரியாமப் போட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

கஜபதி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த பரந்தாமன் தலையை நிமிர்த்தவில்லை. ஆவடியில் நடக்கும் இந்தக் கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டிக்குப் பதினாறு வருஷமாக அவர்தான் பொறுப்பு. ஓட்டக்காரர்கள் விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கொடுக்கும் நேரத்தைப் பார்த்து, யார் எந்த ஹீட்டில், அதாவது பைனலுக்கு முந்தைய தகுதிச் சுற்றில், ஓடுவது என்று பிரித்துப் போடுவதும் அவர்தான்.

ஷாமியானாவின் ஓரத்தில் பவித்ரா நின்றிருந்தாள். அவளுடைய கல்லூரியிலிருந்து வந்திருந்தது அவள் ஒருத்திதான்.

காலையில் பெண்களுக்கான எண்ணூறு மீட்டரில் நான்கு ஹீட் நடந்தது. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேர், ஆக எட்டுப் பேர் சாயங்காலம் பைனலில் ஓட வேண்டும். மூன்றாவது ஹீட்டில் பவித்ரா இரண்டாவதாக வந்தாள். அவளுக்கு அரை விநாடி பின்னால் வந்து, பைனலைத் தவறவிட்டவள் கார்த்திகா.

பட்டாபிராமிலிருந்து பவித்ராவும் சேக்காட்டிலிருந்து கார்த்திகாவும் மூன்று வருஷமாகத் தினமும் காலையில் ஒரே மைதானத்தில் சேர்ந்து ஓடுகிறவர்கள். கல்லூரிதான் வேறு வேறு. இரண்டு பேருக்கும் இது கடைசி வருஷம். பைனலில் ஓடிய சான்றிதழ் கையில் இருந்தால், வேலைக்கு மனுப் போடும்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கலாம் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகாவின் கல்லூரி உடற்கல்வி இயக்குநரான கஜபதி லேசில் விடுகிற ஆளில்லை. மாநிலப் போட்டியில் மெடல் வாங்கிய பெண்ணையும் கார்த்திகாவையும் பவித்ராவையும் ஒரே ஹீட்டில் திணித்துவிட்டு, முதல் ஹீட்டை மட்டும் காற்றாட விட்டது ஏன் என்று கேட்டார். அந்த முதல் ஹீட்டில் ஜெயித்தவள் பரந்தாமனுடைய கல்லூரிப் பெண். கார்த்திகாவைவிட ஏழு விநாடி அதிகம் எடுத்தும் அவள் பைனலுக்குப் போய்விட்டாள்.

"ஹீட்டுக்கு ரெண்டு நல்ல ஓட்டக்காரங்க வர்ற மாதிரிதான் கஜபதி பிரிச்சேன்," என்றார் பரந்தாமன். "ஒரு பொண்ணு நாம எதிர்பார்த்ததுக்கு மேல ஓடிட்டா, நான் என்ன பண்ண முடியும்?"

"எதிர்பார்க்கலியா? பவித்ரா எப்படி ஓடும்னு எங்க கிரவுண்டு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும் சார். உங்க காலேஜ் பொண்ணுக்கு வழி உட்டுட்டு, இன்னா நியாயம் பேசிக்கினு கீறீங்க?"

பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

இந்த வாக்குவாதத்தை ஒரு மாணவன் போனில் படம் பிடித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அது எல்லாக் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்புகளிலும் போய்விட்டது. பரந்தாமனைத் திருடன் என்றே ஒருவன் எழுதியிருந்தான். அதன் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. சோறு பரிமாறும் இடத்தில் பரந்தாமன் தட்டோடு வந்து நின்றபோது, அவர் கல்லூரிப் பிள்ளைகளே பேச்சை நிறுத்திவிட்டு நகர்ந்துகொண்டார்கள். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனதைப் பவித்ரா பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கும் ஒரு வாய் இறங்கவில்லை.

கார்த்திகாதான் அவளைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தாலும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"நீ இன்னாத்துக்குடி இப்படிக் கீற? சாயங்காலம் ஓட வேணாமா? லிஸ்ட் போட்டவரு பண்ணதுக்கு நீ இன்னாடி பண்ணுவ?"

பவித்ரா பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தோழியின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

மூன்று மணிக்குக் கஜபதி மறுபடியும் மேசைக்கு வந்தார். கார்த்திகாவை ஒன்பதாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். விதியில் இடமில்லை, எட்டுப் பேரில் யாராவது விலகினால் அதே ஹீட்டில் மூன்றாவதாக வந்தவளைச் சேர்க்கலாம், அவ்வளவுதான் என்று பரந்தாமன் சொன்னார். அடுத்த வருஷம் முதல் இந்தப் பொறுப்பே தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தன் மகள் வயதிருக்கும் கார்த்திகாவுக்கு முன்னால் வந்து, அத்தனை பேர் பார்க்கக் கைகூப்பினார்.

"எனக்குத் தெரியாம எங்கியோ தப்பு பண்ணிட்டேன்மா. மன்னிச்சுக்கோ."

பவித்ரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். நெஞ்சில் குத்தியிருந்த எண் துணியின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதைக் கார்த்திகாவின் பக்கமாக மேசைமேல் வைத்தாள்.

"நீங்க கும்பிடாதீங்க சார். ரெண்டு நிமிஷம் இருவது செகண்டுல ஓடுற நான்தான், லேசான ஹீட்டுல போடுவாங்கன்னு, பாரத்துல ரெண்டு முப்பத்தஞ்சுன்னு பொய்யா எழுதிக் குடுத்தேன்."