நாலு புது விளக்கு

பனிக்காகப் பம்பரில் மாட்டிய நாலு புது விளக்கையும் பொன்னுரங்கம் ஊர் எல்லையில்தான் முதன்முதலாகப் போட்டான். விடியாத பனியைக் கிழித்துக்கொண்டு போன வெளிச்சத்தில், சாலையோரம் ஒதுங்கியிருந்த பெண்கள் பதறி எழுந்து முதுகைக் காட்டி நின்றார்கள். பழைய விளக்கென்றால் வெளிச்சம் வந்து சேர்வதற்குள் எழுந்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் எழ முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புது ஸ்விட்சை அவன் தடவி அணைப்பதற்குள் வண்டி கடந்துவிட்டது.

லாரியைக் கொல்லையில் நிறுத்திவிட்டு அவன் வாசலில் கால் கழுவும்போது, நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி அவன் மனைவி பவுனு சாலைப் பக்கமிருந்து சொம்போடு வந்தாள்.

"எந்தக் கட்டையில போறவனோ, பட்டப்பகலாட்டம் லைட்டடிச்சிட்டுப் போறான். என்னால எழுந்திரிக்கக்கூட முடியலங்க." மூச்சு வாங்கியது. "ஆமா, நம்ம வண்டிக்கு லைட்டு மாட்டியாச்சா?"

"இன்னும் இல்ல."

அவள் உள்ளே போனதும் கொல்லைக்கு ஓடி, விளக்குகளைக் கோணியால் மூடிக் கட்டினான். கடைசி முடிச்சைப் போடும்போது, பின்னால் சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.