மேளம் ஏன் நின்றது

லாம்ப்ரோஸின் கையிலிருந்து கழி நழுவிப் புல்லில் விழுந்தது. மேளம் நின்றுபோனது.

பாஸ்காலிஸ் கண்ணை மூடிக்கொண்டு, நாயனம் மாதிரியான சுர்னாவை ஊதிக்கொண்டிருந்தான். கன்னம் உப்ப ஊதுகிறவனுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். பக்கத்தில் தாளம் இல்லை என்று உறைக்க இரண்டு மூச்சு ஆனது. கண்ணைத் திறந்தான்.

களமே அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

திருவிழாக் குஸ்தியில் அந்த வடகிரேக்க ஊருக்கு ஒரே சட்டம்தான். ஒருவன் முதுகு மண்ணில் படும்வரை மேளம் நிற்கக் கூடாது. நின்றால் இரண்டு பேரும் பிடியை விட்டுவிட வேண்டும், ஆட்டம் சமன். அப்படி ஆட்டத்தைக் கெடுத்த மேளக்காரனை அந்தப் பக்கத்தில் யாரும் மறுபடி கூப்பிட்டதில்லை.

பதினோரு வருடமாகத் தோற்காத ஸ்தாத்திஸும், அவனோடு மோதிய பல்கேரியப் பையனும், குஸ்திக்காக உடம்பெல்லாம் பூசிய எண்ணெய் வழிய எழுந்தார்கள்.

"அடுத்த தடவை கழியைக் கையோட சேர்த்துக் கட்டிவிடுங்கப்பா," என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு.

பாஸ்காலிஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "என்ன மச்சான் இது? தூங்கிட்டீங்களா? எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டீங்களே."

லாம்ப்ரோஸ் குனிந்து கழியை எடுத்துத் துடைத்தார்.

விழாக்குழுத் தலைவர் வாங்கேலிஸ் பாஸ்காலிஸை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்டோபர்ல என் பொண்ணு கல்யாணம். மூணு நாளும் நீதான் ஊதறே. மேளத்துக்கு மட்டும் வேற ஆளைப் பாரு. இவன் வந்தா சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க. சாயங்காலம் போன் பண்றேன், சொல்லு."

அந்தக் கல்யாணத்தில் ஊதினால் சுற்றுப்பட்டு எட்டு ஊர்க் கல்யாணமும் பின்னாலேயே வரும். தான் தலையாட்டினோமா இல்லையா என்பதே பாஸ்காலிஸுக்கு நினைவில்லை.

மேளத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். லாம்ப்ரோஸ் அவன் அக்கா ஸ்மாரோவின் புருஷன். இருபத்துமூன்று வருடமாக ஒரே வண்டி, ஒரே சோறு.

"உங்க கையிலேர்ந்து கழி விழுந்து நான் பார்த்ததே இல்ல மச்சான்."

"நீ எங்கடா பார்த்தே? கண்ணைத்தான் மூடிக்கறியே."

"விளையாடாதீங்க. என்னதான் ஆச்சு?"

"வேர்த்துருச்சு."

"போன வருஷம் நாப்பது டிகிரியில நாலு மணி நேரம் அடிச்சீங்க. அப்ப வேர்க்கலையா?"

"அப்ப ஒரு வயசு கம்மி."

"இனி எங்க போய் அடிக்கறதா உத்தேசம்?"

"புது டிராக்டர் வாங்கினவன் வாசல்ல அடிப்போம். தேர்தல் வருது, ரெண்டு கட்சிக்கும் அடிப்போம். போன தடவை அடிக்கலையா?"

"காலையில ஒருத்தன் ஜெயிக்கணும்னு. மத்தியானம் அவனே தோக்கணும்னு."

"ரெண்டு பேருமே தாளம் பிரமாதம்னுதான் சொன்னாங்க."

பாஸ்காலிஸ் சிரித்துவிட்டான். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. வாங்கேலிஸ் சொன்னதை இன்னும் மச்சானிடம் சொல்லவில்லை. இப்போதே சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது?

ஆற்றுப் பாலத்தருகே பின்னாலிருந்து ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. நிறுத்தினார்கள். காரை ஓட்டி வந்தவள் ஸ்தாத்திஸின் மனைவி. பக்கத்து இருக்கையிலிருந்து ஸ்தாத்திஸ் மெதுவாக இறங்கினான். அவனுடைய வலது கை ஒரு தலைத்துணியால் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. சட்டைக்குள் தோள்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"எப்ப கவனிச்சீங்கண்ணே?" என்றான் லாம்ப்ரோஸிடம்.

"மூணாவது பிடியில. உன் வலது கை விரல் அவன் இடுப்பைப் பிடிக்கவே இல்ல. சும்மா ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தான்னா கையே போயிருக்கும்."

"நீயா விட்டுக்குடுக்க மாட்டே. அதான் கழியை விட்டேன்."

"எப்படிண்ணே விட்டுக்குடுப்பேன்? தோள் போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் எந்தத் திருவிழாவுல என்னைக் கூப்பிடுவாங்க?"

"சரி, பேசிக்கிட்டு நிக்காதே. டாக்டர் கிளம்பிடப் போறார். கேட்டார்னா ஏணியிலேர்ந்து விழுந்தேன்னு சொல்லு."

ஸ்தாத்திஸின் மனைவி நெஞ்சில் கை வைத்து லாம்ப்ரோஸைப் பார்த்தாள். கார் செரெஸ் நகரத்துப் பக்கமாகப் போயிற்று.

பாஸ்காலிஸ் லாம்ப்ரோஸின் கையைப் பிடித்தான்.

"என்கிட்டயாவது கண்ணைக் காட்டியிருக்கலாம்ல மச்சான்?"

"காட்டியிருந்தா என்னை அப்படித் திட்டியிருப்பியா? நீ திட்டினதைப் பார்த்துத்தான்டா எல்லாரும் நம்பினாங்க."

போன் அடித்தது. வாங்கேலிஸ்.

"என்னப்பா, மேளத்துக்கு ஆள் பார்த்துட்டியா?"

பாஸ்காலிஸ் திரும்பிப் பார்த்தான். லாம்ப்ரோஸ் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து மேளத்தின் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டேங்க. இந்தப் பக்கத்துலயே அவரை மாதிரி கை யாருக்கும் கிடையாது. லாம்ப்ரோஸ்னு பேரு. அவர் வந்தாத்தான் நானும் வருவேன்."