பதினாலு சோதனையும் பச்சை

பதினாலாவது சோதனையும் பச்சையாக வந்தபோது மணி பதினொன்று நாற்பது.

ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை எனக்கு. திரையில் ‘பிழையில்லை’ என்கிற அந்தப் பச்சையைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது.

அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றங்கரை ஊர்க்காரர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற கருவி எங்கள் அலுவலகத்துடையது. அனுப்பும் வேலையைச் செய்வது கருவியில் செருகி வைத்த ஒரு சின்ன நிரல், பைத்தான் மொழியில் எழுதிய பிளக்கின். எனக்கு முன்னால் இங்கே இருந்த புண்ணியவான் எழுதி வைத்துவிட்டுப் போனது.

அதைத் தனியாகச் சோதிக்க வேண்டுமென்றால் சோதனைக் கோப்புக்குள் இம்போர்ட் செய்ய வேண்டும். சும்மா உள்ளே அழைப்பதுதான். ஆனால் புண்ணியவான் ஒரு வரியைக்கூட, தனியாக ஏவினால் மட்டும் ஓடுகிற ஃபங்ஷனுக்குள் வைக்கவில்லை. எல்லாம் வெட்டவெளி. வாசலில் நின்று பேரைச் சொன்னாலே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடுகிற ஆள் மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை நான் அதைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு இம்போர்ட் வரிதான்.

‘தண்ணீர் திறக்கப்பட்டது, உடனே கரையேறவும்’ என்று முந்நூற்றுப் பன்னிரண்டு போன்களுக்குப் போய்விட்டது. அணையில் ஒரு சொட்டுகூடத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் முக்கூடலில் பெண்கள் துவைத்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். படித்துறையில் விழுந்து என் அம்மாவுக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது.

“நீ எட்டித்தாம்மா பாத்த நித்யா, அதுக்கே ஊரக் கரையேத்திட்டியே” என்றார் என் மேலாளர் கோமதிசங்கர் அண்ணாச்சி. அவர் சிரிக்கவில்லை.

மன்னிப்புக் குறுஞ்செய்தியை அவர் அனுப்பினார். அம்மாவுக்கு நான் போனில் சமாதானம் சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து திருத்தினேன். அனுப்பும் வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் அடைத்தேன். கருவி ஓட்டினால் மட்டும் அனுப்பு, சோதனை அழைத்தால் வாயை மூடிக்கொண்டிரு என்று காவல் வைத்தேன். இன்று காலை ஒன்பது மணிக்குப் புதிய கோப்பைக் கருவியில் ஏற்றினோம்.

அப்புறமும் மனசு கேட்கவில்லை. போனைச் சத்தம் அடக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னும் சோதனைகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

பச்சை வந்த கையோடு கருவியின் பதிவைத் திறந்தேன். பத்து ஐம்பதுக்கு அணையில் நிஜமாகவே திறந்திருக்கிறார்கள். பிளக்கினும் அனுப்பியிருக்கிறது: ‘பதினொன்றரைக்குள் முக்கூடலுக்குத் தண்ணீர் வரும், கரையேறவும்.’

முந்நூற்றுப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்திருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

அம்மாவிடம் பெருமையடிக்கப் போனை நிமிர்த்தினேன்.

அம்மா நாலு தடவை அழைத்திருந்தாள். கடைசி அழைப்பு பதினொன்று எட்டுக்கு.

அன்றைக்கு நான் சொன்ன சமாதானம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இனிமேல் இப்படி ஒன்று வந்தால் விழுந்தடித்து ஓடாதே, எனக்கு ஒரு போன் போடு, நிஜமென்றால் நானே சொல்கிறேன் என்றிருந்தேன். தெருவில் எல்லாரிடமும் சொல்லிவை என்றும் சொன்னேன்.

திரும்ப அழைத்தேன். போன் அணைந்து கிடந்தது.

பதினொன்று பத்துக்கு அம்மா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது ஒன்று இருந்தது. பின்னால் பெண்களின் சிரிப்பு கேட்டது.

“ஏட்டி, போன எடுக்கல, சோலியா இருக்க போலுக்கு. நெசம்னா நீ எடுத்துச் சொல்லியிருப்பல்லா. ஒன் டெஸ்ட்டுதாம்னு சொல்லி, ஓடப் பாத்தவளுவளையும் கூட்டிக்கிட்டு ஆத்துல எறங்குதேன்.”