நைட்டித் தாத்தா

"அந்தக் காட்சியை வெட்டி எறிஞ்சாத்தான் இந்த இடத்தை விட்டு நகருவேன்!"

படத்தொகுப்பு அறைக்குள் நுழைந்த பெரியவர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுடன் கம்பம் போல விறைத்து நின்றார். இளம் இயக்குநர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு இது முதல் படம். வெள்ளிக்கிழமை வெளியீடு.

"முதல்ல உட்காருங்க ஐயா."

"உங்க முன்னாடி நான் உட்கார மாட்டேன்."

"அவ்வளவு கோபமா? சரி, என்னை நீ, வான்னே பேசுங்க. நான் சின்னப் பையன்."

"எங்க வீட்டு வளர்ப்பு அப்படி இல்ல. உங்ககிட்டக் குரலை உயர்த்தவே எனக்கு மனசு வரல. என்ன பண்றது, குடும்ப மானமாச்சே!"

திரையில் அந்தக் காட்சி உறைந்து நின்றது. கால இயந்திரத்தில் பின்னோக்கிப் போன கதாநாயகன், காதலியின் அப்பாவிடமிருந்து தப்பிக்க, கொடியில் காய்ந்த பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடுகிறான். பின்னால் இரண்டு நாய்கள்.

"இது எங்க தாத்தா," என்றார் பெரியவர்.

எடிட்டர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"சிரிங்க தம்பி, நல்லா சிரிங்க. ஊரே சிரிக்குது. எங்களுக்கு என்ன பட்டப்பேர் தெரியுமா? நைட்டித் தாத்தா குடும்பம்! என் பேத்தி பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அடம் பிடிக்கிறா."

"படமே இன்னும் வெளியாகலையே ஐயா! டிரெய்லர்ல பார்த்துட்டாங்களோ?"

"எதுல பார்த்தா என்ன? போனது போனதுதான்."

"மூஞ்சியை மங்கலாக்கிடட்டுமா?"

"நைட்டி பளிச்சுன்னு தெரியுமே!"

"ஐயா, இந்த ஒரு காட்சிக்குத்தான் தியேட்டரே குலுங்கும். இதை எடுத்துட்டா என் பொழப்பு நாறிடும்."

"விட்டா எங்க பொழப்பு நாறிடும். எங்க தாத்தா எப்பேர்ப்பட்ட மனுஷர்! சட்டை கசங்காம நடப்பார். தலைமுறை தலைமுறையா அவரைச் சொல்லித்தான் நாங்க நிமிர்ந்து நிக்கிறோம். எங்க பாட்டிகூட இதைப் பத்திக் கடைசிவரைக்கும் வாயே திறக்கல. அவரைப் போய் இப்படி ஓட விடலாமா?"

பெரியவரின் குரல் உடைந்தது. இயக்குநருக்குப் பாவமாகிவிட்டது. எடிட்டரை டீ வாங்கிவர அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தார்.

"ஐயா, உங்க தாத்தாவை நான் பார்த்ததுகூட இல்ல. உண்மையைச் சொல்லிடறேன், வெளியில விட்டுடாதீங்க. அந்த நைட்டியில ஓடினவன் நான்தான். போன வருஷம் நடந்தது. நாய் ரெண்டும் நிஜம். நைட்டி என் வருங்கால மாமியாரோடது. அந்தப் பொண்ணைத்தான் அடுத்த மாசம் கட்டிக்கப் போறேன். இப்பவாவது நம்புறீங்களா, இது முழுக்க முழுக்க என் கதைன்னு?"

பெரியவரின் விறைத்த முதுகு முதல் தடவையாக வளைந்தது. இரு கைகளையும் கூப்பினார்.

"வந்ததுலேர்ந்து நானும் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன், தாத்தா!"